மூட்டைத் தராசும் என் வீட்டுக்காரர் வயிறும்

எங்கள் பக்கத்தில் ஒரு ஆண்பிள்ளை நன்றாக இருக்கிறாரா என்று கண்டுபிடிக்க டாக்டர் தேவையில்லை. ஒரம்பரையாக வருகிற சொந்தக்காரர்கள் போதும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கன்னத்தைப் பார்ப்பார்கள். உள்ளே வந்து உட்கார்ந்ததும் வயிற்றைப் பார்ப்பார்கள். வயிறு சட்டைப் பொத்தானை முட்டிக்கொண்டு நின்றால் ஆள் சௌக்கியம். தட்டையாக இருந்தால் வீட்டில் இருக்கிற பொம்பளை சரியில்லை. காப்பி குடித்து முடிப்பதற்குள் தீர்ப்பு வந்துவிடும். இதற்கு மேல்முறையீடு கிடையாது.

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு நோய் என்று தெரிந்தபோது அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகிற வழியில் எங்களுக்கு முட்டைக்கோழிப் பண்ணை இருக்கிறது. தீவனம் அரைக்கிற அறையில் மக்காச்சோளத் தூசி எந்நேரமும் அந்தரத்தில் நிற்கும். அது தன் நெஞ்சுக்குப் போதாது என்று நினைத்தாரோ என்னவோ, அந்த அறை வாசலில் நின்று சிகரெட்டும் பிடிப்பார். பல வருடங்கள் அப்படி. முதலில் இருமல் வந்தது. சிகரெட் பிடிக்கிறவனுக்கு இருமாமல் என்ன செய்யும் என்றார். அப்புறம் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. வயசானால் வாங்கும் என்றார். கடைசியில் குனிந்து செருப்பு மாட்டினாலே மூச்சு வாங்கியது. அதற்கு ஒரு காரணமும் கிடைக்காததால் டாக்டரிடம் போனோம்.

நுரையீரல் நிரந்தரமாகக் கெட்டிருக்கிறது, கெட்டது திரும்பாது, மிச்சமிருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். அவர் அன்றைக்கே சிகரெட்டை விட்டார். அதைப் பாராட்டாத ஆள் இல்லை; நானும்தான் பாராட்டினேன். விட்டதோடு வேலை முடிந்தது என்று அவரும் நினைத்தார், ஊரும் நினைத்தது.

டாக்டர் வாயில் வைத்து இழுக்கிற மருந்து கொடுத்திருந்தார். அந்தச் சின்னக் கருவிக்கு எங்கள் ஊரில் இருக்கிற அவப்பெயர் சாராயப் பாட்டிலுக்குக்கூடக் கிடையாது. ‘பம்பு அடிக்கிறாரு’ என்று சொல்லிவிட்டால் ஆளுக்கு நாள் குறித்தாயிற்று என்று அர்த்தம். அதனால் அவர் அதை பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் ஒளித்து வைத்தார். யாரும் இல்லாத நேரம் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டு இழுத்துவிட்டு வருவார். பள்ளிக்கூட வயதில் சிகரெட்டை ஒளித்துப் பிடித்தபோதுகூட இவ்வளவு வெட்கப்பட்டிருக்க மாட்டார்.

மாத்திரைக்கு அந்த வெட்கம் இல்லை. ஒரு மழைக்காலத்தில் மூச்சுத் திணறல் அதிகமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, சில நாளைக்கு மட்டும் என்று சொல்லி ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். அது மந்திரம் போட்டது மாதிரி வேலை செய்தது. மூச்சு லேசானது, பசி எடுத்தது, கன்னம் உப்பியது. அவர் அந்தக் காலி அட்டையைப் பத்திரப்படுத்திக்கொண்டார். அதற்கப்புறம் கொஞ்சம் இழுப்பு வந்தாலும் அட்டையோடு மருந்துக்கடைக்குப் போவார். மருந்துக்கடைக்காரர் நல்ல மனிதர், கேட்டதை இல்லையென்று சொல்ல மாட்டார்.

இந்தச் சமயத்தில்தான் உடம்பு பார்க்க வருகிற கூட்டம் தொடங்கியது. நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வரக்கூடாது என்பது எங்கள் ஜனங்களின் சட்டம். சத்துமாவு டப்பா, பேரீச்சம்பழம், நெய் மைசூர்பாகு, நாட்டுக்கோழிக் குழம்பு என்று வந்துகொண்டே இருந்தது. ஒரு பெரியம்மா பை நிறைய நாட்டுக்கோழி முட்டை கொண்டுவந்தார். எங்கள் ஷெட்டில் அன்றைய முட்டைகள் லாரி ஏறக் காத்துக்கொண்டிருந்தன. அவற்றைத் தாண்டி வந்து, “இந்த முட்டையக் குடு சாமி, அதெல்லாம் வெறும் தண்ணி” என்று என்னிடம் கொடுத்தார். அந்தத் தண்ணியை விற்றுத்தான் இந்த வீட்டைக் கட்டினோம் என்று நான் சொல்லவில்லை.

எல்லாரும் வந்ததும் அவர் கையைப் பிடித்துப் பார்ப்பார்கள். கை மெலிந்திருந்தது உண்மை. “கையி குச்சியாட்டம் போச்சே சாமி” என்று உச்சுக்கொட்டிவிட்டு என் பக்கம் திரும்பி, “ஏனம்மிணி, இவனுக்கு என்னதான் ஆக்கிப் போடறே?” என்பார்கள். நான் ஆக்கிப் போட்டேன். போடாமல் இருந்தால் எனக்கு என்ன பெயர் கிடைத்திருக்கும் என்று இந்தப் பக்கத்தில் வாக்கப்பட்ட எந்தப் பெண்ணையும் கேட்டுப் பாருங்கள்.

எல்லாரிலும் பெரிய நிபுணர் என் அண்ணன். திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்து ஊர் ஊராகப் போர்வெல் போடுகிறவர். பூமிக்குள் எத்தனை அடியில் தண்ணீர் இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவருக்கு மனுஷன் உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரியாதா? நெஞ்சுச் சளிக்கு ஆட்டுக்கால் சூப்புதான் என்று அவர் முடிவு செய்துவிட்டார். வாரம் தவறாமல் தூக்குப்போசியில் சூப்பு வரும். மேலே எண்ணெய் விரல் கனத்துக்கு நிற்கும். அதை எடுத்துவிடலாம் என்றால், “சத்தே அதுலதான் இருக்குது புள்ள, எடுத்துப்போட்டு வெறும் ரசத்தயா குடிப்பாரு மாப்ள?” என்பார்.

உட்காரவைப்பதிலும் ஊர் ஒற்றுமையாக இருந்தது. அவர் நாலு எட்டு வைத்து ஒரு பெருமூச்சு விட்டால் போதும், யாராவது ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போடுவார்கள். பண்ணையில் ஒரு நீலப் பிளாஸ்டிக் நாற்காலி அவருக்கென்றே ஆகிவிட்டது. அவர் எங்கே போனாலும் வேலைக்காரர்களில் ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவார். வீட்டிலிருந்து ஷெட்டுக்குக் கூப்பிடு தூரம்தான், அதற்கும் மொபெட். வெளியூர் போனால் காரை நான் ஓட்டுவேன், அவர் இடது பக்கம் உட்கார்ந்திருப்பார். பொண்டாட்டி ஓட்டி புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறான் என்றால் அவன் கதை முடிந்தது என்று என் அண்ணன் அதற்கும் வருத்தப்பட்டார். நடக்கக்கூடாது, ஆனால் கார் மட்டும் ஓட்ட வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில் எங்களுக்குத் தைரியம் கொடுத்தது ஒரு தராசு. பண்ணையில் வாரம் ஒருமுறை கோழிகளைப் பிடித்து எடை போடுவோம். எடை சரியாக இருந்தால் கோழி சரியாக இருக்கிறது என்று கணக்கு. அந்த நாளில் அவரும் தீவன மூட்டை போடுகிற தராசில் ஏறி நிற்பார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அந்தப் பழக்கம். முள் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கும். “பாத்தியா, ஒரு கிலோ கொறையல” என்று இறங்குவார். அப்புறம் என் அண்ணனுக்குப் போன் போகும். அவர் நாலு பேருக்குச் சொல்வார். எடை குறையாமல் நோயை ஜெயித்த மனிதர் என்று என் வீட்டுக்காரருக்கு ஒரு புகழே உண்டாயிற்று.

வேட்டி மாற்றும்போது பார்க்கிறவள் நான் ஒருத்திதான். தொடை இரண்டும் வற்றிப்போய் என் தொடையைவிடச் சின்னதாகிவிட்டன. புஜத்தில் தோல் தொங்கியது. வயிறு மட்டும் ஏழாம் மாதம் மாதிரி முன்னால் நின்றது. தராசு சரியாக இருக்கிறது, ஆள் சரியாக இல்லை. எனக்கு அதற்குமேல் யோசிக்கத் தெரியவில்லை.

வழக்கமாகப் பார்க்கிற டாக்டர் வெளியூர் போய்விட்டதால் சேலத்தில் சூரமங்கலத்துக்குப் பக்கம் ஒரு புது டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. சின்ன வயதுப் பெண். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், ஊதச் சொன்னார், அதெல்லாம் பழக்கமானதுதான். அப்புறம் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு அளவு நாடாவை எடுத்தார். இடுப்பைச் சுற்றிப் பிடித்தார். புஜத்தைச் சுற்றிப் பிடித்தார். தொடையையும் அளந்தார். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருங்கள் என்றார். அவரால் முடியவில்லை. முட்டியில் கையை ஊன்றி, ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்து, முகம் சிவந்து நின்றார். ரத்தம் எடுத்தார்கள், இதயத்துக்கு ஒயர் மாட்டிப் பார்த்தார்கள். சர்க்கரை ஏறியிருந்தது, ரத்த அழுத்தம் ஏறியிருந்தது, கெட்ட கொழுப்பு ஏறியிருந்தது. நாங்கள் பெருமைப்பட்ட எடை மட்டும்தான் ஏறாமல் இருந்தது.

“எடை மாறலைன்னு சந்தோஷப்படாதீங்க” என்றார் டாக்டர். “கையிலயும் கால்லயும் இருந்த சதை கரைஞ்சிருக்கு. அதே அளவுக்கு வயித்துக்குள்ள கொழுப்பு சேர்ந்திருக்கு. ரெண்டையும் கூட்டிக் கழிச்சா எடை அப்படியேதான் காட்டும்.”

மூச்சு வாங்குகிறது என்று நடையை விட்டது, தானாக வாங்கிப் போட்ட மாத்திரை, வந்து குவிந்த தின்பண்டம், எல்லாம் சேர்ந்து இதைச் செய்திருக்கிறது என்று சொன்னார். தோலுக்கு அடியில் இருக்கிற கொழுப்பு வேறு, ஈரலையும் குடலையும் சுற்றி உள்ளுக்குள் சேர்கிற கொழுப்பு வேறு. இரண்டாவதுதான் சர்க்கரையையும் ரத்தக் குழாயையும் கெடுப்பது. நெஞ்சு நோய்க்காரர்களுக்கு இதயம் ஏற்கெனவே கஷ்டப்பட்டுக்கொண்டிருக்கும். அதன் தலையில் இதையும் ஏற்றக்கூடாது. அவர் சட்டை போட அந்தப் பக்கம் போனதும் என்னிடம் மெதுவாக, “இவர் நுரையீரலைப் பத்தி மட்டும் நான் பயப்படலைம்மா. இப்படியே விட்டா அதுக்கு முன்னாடி இதயம் கைவிட்டுடும்” என்றார்.

மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தக்கூடாது, நான் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்றார். இதயத்துக்குத் தனியாக ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். இழுக்கிற மருந்தைத் தினமும் தவறாமல் இழுக்க வேண்டும். மூச்சு வாங்கினால் நின்று, வாங்கி முடித்து, மறுபடி நடக்க வேண்டும். கைக்கும் காலுக்கும் எடை தூக்கிப் பயிற்சி. இனிப்பும் எண்ணெயும் குறைய வேண்டும், சதை பிடிக்கிற சாப்பாடு வேண்டும், முட்டை சாப்பிடலாம். இத்தனையில் என் வீட்டுக்காரர் காதில் விழுந்தது ‘முட்டை சாப்பிடலாம்’ என்ற ஒன்றுதான்.

வண்டியில் ஏறியதும் ஆரம்பித்தார். “மூச்சுக்குப் போனா இடுப்பளவு எடுக்குது. எனக்கு ஜாக்கெட்டா தெக்கப் போகுது?”

“சொன்னதக் கேட்டீங்களா இல்லீங்களா?” என்றேன்.

“மூச்சு வாங்கறவன நடங்குது. காலு ஒடிஞ்சவன ஓடச் சொல்லும் போல.”

அண்ணனிடம் சொன்னேன். “அது சின்னப் புள்ள, அதுக்கு என்ன தெரியும்?” என்றார். அந்த வாரமும் சூப்பு வந்தது.

எனக்குப் பயமாக இருந்தது. அதைச் சொல்வதில் என்ன வெட்கம்? மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அந்த நீல நாற்காலியிலேயே தூங்கிப்போவார். வயிறு மடியில் இருக்கும், தலை தொங்கும். வேலையை விட்டுவிட்டு வந்து அவர் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுப் போவேன். ஏறினால் கோபம் வரும், ஏறாத மாதிரி தெரிந்தால் உயிர் போய் உயிர் வரும். சொன்னால் கேட்கிற ஆளாக இருந்தால் சொல்லலாம். அவர் ஊருக்கே சொல்கிற ஆள்.

அதுவும் பொய்யில்லை. கோழி விஷயத்தில் அவரை மிஞ்ச எங்கள் பக்கத்தில் ஆள் கிடையாது. எந்தப் பண்ணையில் கோழி செத்தாலும் தூக்கிக்கொண்டு இவரிடம்தான் வருவார்கள். செத்த கோழியைத் தகரத்தில் கிடத்தி அறுத்துப் பார்த்துக் காரணம் சொல்வார். சித்திரை வெயில் ஏறிய ஒரு நாள், பக்கத்துப் பண்ணைக்காரர் செத்த கோழிகள் இரண்டைக் கொண்டுவந்தார். அன்றைக்கு என் அண்ணனும் தூக்குப்போசியோடு வந்திருந்தார். வேப்பமரத்தடியில் நீல நாற்காலியைப் போட்டு, முன்னால் ஸ்டூலில் தகரத்தை வைத்தார்கள். என் வீட்டுக்காரர் கையுறையை மாட்டிக்கொண்டு கத்தரியை எடுத்தார்.

“நல்லாத்தாங்ணா தீவனம் எடுத்துது” என்றார் பண்ணைக்காரர். “எடையும் கொறையலீங்க. போன வாரமும் இந்த வாரமும் ஒரே எடைதானுங்க. காலையில பார்த்தா கூண்டுக்குள்ள கெடக்குது.”

“எடையப் பார்த்து ஏமாந்துட்டயா?” என்று சிரித்தார் என் வீட்டுக்காரர். சிரித்ததில் மூச்சு வாங்கியது. வாங்கி முடித்துவிட்டுச் சொன்னார். “தராசு மொத்தத்தத்தான் காட்டும். கறி எவ்வளவு, கொழுப்பு எவ்வளவுன்னு அதுக்குத் தெரியுமா? கோழியக் கையில புடிச்சுப் பாக்கோணும். இந்த நெஞ்செலும்பத் தடவிப் பாரு. கத்தியாட்டம் நிக்குதா? கறி கரைஞ்சு போச்சு. தொடை பாரு, ஒண்ணுமில்ல. இப்ப அடிவயித்தப் பாரு.”

வெட்டித் திறந்தார். உள்ளே மஞ்சளாகக் கொழுப்பு, கை நிறைய அள்ளுகிற அளவுக்கு. குடல் அதற்குள் புதைந்து கிடந்தது. ஈரலை விரலால் தொட்டார். வெளுத்துப்போய், தொட்ட இடத்தில் உதிர்ந்தது.

“கூண்டுக்குள்ளயே நிக்குது” என்றார். “நடையில்ல, அசைவில்ல, மூக்குக்கு முன்னால தீவனம். திங்கறதெல்லாம் இங்க வந்து சேந்துருது. வெயில் ஏறி மூச்சு வாங்க ஆரம்பிச்சா இது தாங்காது. பொட்டுனு போயிரும். எடை சரியா இருக்குதுன்னு நீ நெனச்சுக்கிட்டே இருப்ப.”

அண்ணன் தலையை ஆட்டினார். பண்ணைக்காரர் தலையை ஆட்டினார். சொல்லிக்கொண்டிருந்தவர் தம் வயிற்றின் மேல் முழங்கையை ஊன்றியிருந்தார், பக்கத்தில் சூப்பு ஆறிக்கொண்டிருந்தது. அந்த டாக்டர் பெண் சொன்னதை ஒரு வார்த்தை மாறாமல் சொல்லிவிட்டு, தாம் சொன்னது தமக்கு விளங்காமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஆத்திரம் ஏறியது.

“ஏனுங்க” என்றேன். “இதே மாதிரிக் கோழி உசுரோட கூண்டுல இருந்தா என்னங்க பண்ணுவீங்க?”

முட்டை நின்றுபோன கோழிகளை, இனித் தேறாது என்று தோன்றுகிற கோழிகளை, கறிக்கு ஏற்றிக்கொண்டு போக லாரி வரும். அதை நாங்கள் லோடு என்போம்.

“அது எங்க தேறும்?” என்றார் அவர், நிமிராமலே. “அடுத்த லோடுல ஏத்தி உட வேண்டியதுதான்.”

“அப்ப உங்கள எந்த லோடுலீங்க ஏத்தறது?”

பண்ணைக்காரர் தம் செருப்பைப் பார்த்தார். என் அண்ணன், “இவளுக்கு வாயி நீளமாயிப் போச்சு மாப்ள” என்று ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர் தகரத்தில் கிடந்த கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, வேட்டிக்கு மேலாகவே தம் தொடையைப் பிடித்துப் பார்த்தார். பிடித்த கைக்குள் பெரும்பாலும் வேட்டிதான் வந்தது. புஜத்தைப் பிடித்துப் பார்த்தார். வயிற்றில் கையை வைத்தார், உடனே எடுத்துக்கொண்டார்.

அப்படிக் கேட்டதற்கு நான் வருத்தப்படவில்லை. நாலு பேர் முன்னால் புருஷனை அப்படிக் கேட்கலாமா என்று பிற்பாடு எத்தனையோ பேர் கேட்டார்கள். தனியாக எத்தனையோ முறை சொல்லியாயிற்று. அன்றைக்கு அந்தச் சூப்பை அவர் தொடவில்லை. வீணாகிவிடுமே என்று என் அண்ணனே குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் விடிந்ததும் மொபெட் சாவியை ஆணியில் மாட்டினார். கேட்டைத் திறந்துகொண்டு, ஷெட்டுப் பக்கம் போகாமல் வாய்க்கால் மேட்டுப் பக்கம் நடந்தார். ஷெட்டுக்குள் தூசியும் கோழி எச்ச நாற்றமும் நெஞ்சுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்ததோ என்னவோ. நாற்காலி தூக்குகிறவர் பழக்கதோஷத்தில் பின்னாலேயே போனார். “வெச்சுட்டுப் போப்பா” என்று அவரைத் திருப்பி அனுப்பினார். முதல் தென்னைமரம் வரைக்கும்தான் போக முடிந்தது. மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார், திரும்பி வந்தார். வந்தவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லாமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நாள்பட நாள்பட மரங்கள் கூடின. மூச்சு வாங்கும்போது உதட்டைக் குவித்து மெதுவாக ஊத வேண்டும் என்பது டாக்டர் சொன்ன பாடம். வாய்க்கால் மேட்டில் நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் எதிரே வருவார்கள். இவர் மரத்தைப் பிடித்து நின்றுகொண்டு உதட்டைக் குவித்து ஊதுவார். என் வீட்டுக்காரர் இந்த வயசில் விசிலடிக்கிறார் என்று ஒரு பேச்சு கிளம்பி, பெரியம்மா வழியாக எனக்கு வந்து சேர்ந்தது. “சூதானமா இருந்துக்கோ அம்மிணி” என்றார். இருந்துக்கிறேனுங்க என்றேன்.

கைப்பயிற்சிக்கு டாக்டர் தண்ணீர் பாட்டில் தூக்கச் சொல்லியிருந்தார். பாட்டிலைத் தூக்குவதெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று, முட்டை அடுக்கிய அட்டைகளைத் தூக்க ஆரம்பித்தார். கை நடுங்கினால் முட்டை விழும் என்ற பயத்தில் கை நடுங்கப் பயந்தது. அப்படியும் விழுந்து உடைந்ததில் முதல் வாரம் வீட்டில் தினமும் முட்டைப் பொரியல். அந்த நீல நாற்காலியும் வீணாகவில்லை. கையை ஊன்றாமல் அதிலிருந்து எழுவதும் உட்காருவதுமாகப் பயிற்சி. டாக்டர் சொன்னபடி ஸ்டீராய்டு மாத்திரை குறைந்து குறைந்து நின்றது. இழுக்கிற மருந்து பீரோவிலிருந்து சட்டைப் பைக்கு வந்தது. மைசூர்பாகைத் திருப்பிக் கொடுக்கத்தான் எனக்கு வழி தெரியவில்லை. வாங்கி வைத்து வேலைக்காரர்களுக்குக் கொடுத்தேன். எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொன்னால் பொய். இரண்டு முறை மூச்சு மோசமாகி நடை நின்றது. ஊரே பண்டிகை கொண்டாடிய ஒரு நோம்பியன்று பக்கத்து வீட்டில் ஒளிந்துகொண்டு கறி தின்றுவிட்டு வந்தார். நாற்றத்திலேயே கண்டுபிடித்தேன்.

வயிறு இறங்கத் தொடங்கியது. உப்பியிருந்த கன்னமும் இறங்கியது. அங்கேதான் ஆபத்து. ஒரம்பரைக் கூட்டத்துக்குத் தூக்கம் போயிற்று. அவருக்குப் பெரிய வியாதி, சொல்லாமல் மறைக்கிறார்கள் என்று பேசினார்கள். நான் சோறு போடுவதில்லை என்றும் பேசினார்கள். பண்ணையை என் பெயருக்கு எழுதி வாங்கிவிட்டேன் என்றுகூட ஒரு வதந்தி. நோய் முற்றி அவர் வயிறும் கன்னமுமாக இருந்தபோது எனக்கு நல்ல பெயர். அவர் தேறத் தேற என் பெயர் கெட்டது.

நாமக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் என் அண்ணன் பந்திக்கு நடுவே நின்று, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி, “என்ன மாப்ள, இப்படி எளைச்சுப் போயிட்டீங்க? இவ உங்களக் கொன்னே போடுவா போல” என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சாம்பார் வாளியோடு போனவர்கூட நின்று பார்த்தார்.

என் வீட்டுக்காரர் எழுந்தார். நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்தார்; அதைக் கவனித்தது நான் மட்டும்தான். அண்ணன் கையைப் பிடித்துத் தம் தொடையில் வைத்து அழுத்தினார். “புடிச்சுப் பாருங்க மச்சான். எளைச்சிருக்குதா?” அண்ணன் விழித்தார். “உங்களதையும் ஒருக்கா அடிவயித்துல தடவிப் பாக்கட்டுங்களா?” என்று இவர் கையை நீட்டினார். அண்ணன் சட்டென்று வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, கைகழுவப் போகிற சாக்கில் நகர்ந்துவிட்டார். அதற்கப்புறம் சூப்பு வருவது நின்றது. அண்ணன் வருவது நிற்கவில்லை. வந்தால் வேப்பமரத்தடியில் உட்காருகிறார், வாய்க்கால் மேட்டைப் பார்க்கிறார், இன்னும் இறங்கி நடக்கவில்லை.

மறுபடி சூரமங்கலத்துக்குப் போன அன்றைக்குக் காலையிலிருந்தே அவருக்கு முகம் சரியில்லை. டாக்டர் முதலில் எடை பார்க்கும் மெஷினில் ஏறச் சொன்னார். முள் பழைய இடத்திலேயே வந்து நின்றது. இவர் இறங்கவே இல்லை. “கொறையலீங்களே டாக்டர்” என்றார். இவ்வளவு நடந்தும் குறையவில்லையே என்று அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

டாக்டர் அளவு நாடாவை எடுத்தார். இடுப்பைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தார், பழைய அளவைப் பார்த்தார், சிரித்தார். புஜத்தையும் தொடையையும் அளந்தார். “வயித்துல இருந்தது இறங்கியிருக்கு, கையிலயும் கால்லயும் சதை ஏறியிருக்கு. அதான் எடை அப்படியே இருக்கு” என்றார். போனமுறை கெட்ட செய்தி சொன்ன அதே எண் இந்த முறை நல்ல செய்தி சொன்னது. சர்க்கரை இறங்கியிருந்தது, அழுத்தமும் கைக்குள் வந்திருந்தது. நுரையீரல் பழையபடிதான், அது திரும்பாது. இதயத்துக்கு மாத்திரை தொடர வேண்டும். “அன்னைக்கு நான் பயந்த மாதிரி இப்ப பயப்படலைம்மா. இதை விட்டுடாம இருந்தா போதும்” என்று என்னிடம் சொன்னார். எனக்கு அதுவே போதும் என்றிருந்தது.

திரும்பும்போது வண்டியை நான்தான் ஓட்டினேன். அவர் இடது பக்கம் உட்கார்ந்து வந்தார். ராசிபுரம் பிரிவு தாண்டியதும் எங்களை முந்திக்கொண்டு ஒரு லோடு வண்டி போனது. கூண்டு மேல் கூண்டாகக் கோழி. இறகுகள் பறந்து கண்ணாடியில் வந்து ஒட்டின. அவர் அந்த வண்டி கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஏம்புள்ள” என்றார். “இந்த லோடுல என்னைய ஏத்தலயா?”

ரோட்டைப் பார்த்து ஓட்ட வேண்டியிருந்ததால் நான் அழவில்லை. “புடிச்சுப் பாத்துட்டுத்தானுங்க சொல்லோணும்” என்றேன்.

அவர் சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டு, கையை என் பக்கம் நீட்டினார். நான் வண்டியை ஓரம் கட்டினேன். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனார். அவர் புஜத்தைப் பிடித்துப் பார்த்தேன். சதை இருந்தது.